பதினோரு தடவை 3.8

ஜூன் 3, செவ்வாய். பிரஷர்: 148/94 (டாக்டர் எடுத்தது)

இந்த நோட்டு என் விருப்பத்தில் வாங்கியதல்ல. தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுத வேண்டுமாம். என்ன சாப்பிட்டேன், எதற்குக் கோபப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டுமாம். மூன்று வாரம் கழித்து நோட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வாராம். நாற்பத்தேழு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். திரும்பி வரும் வழியிலேயே பூங்கொடி கையில் கட்டும் மெஷினும் இருநூறு பக்க நோட்டும் வாங்கிவிட்டாள். என் மனைவி பள்ளியில் இயற்பியல் டீச்சர். அளக்காத எதையும் நம்ப மாட்டாள்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது என்கிறார்கள். பார்க்கலாம்.

கோபம்: இல்லை. நான் சாதுவான ஆள்.

ஜூன் 4, புதன். பிரஷர்: 120/80

மூன்றாவது தடவை கட்டியபோது வந்தது. முதல் இரண்டு தடவையும் மெஷினுக்கு என் கை பழகவில்லை, அதனால் அவற்றை எழுதவில்லை. மூன்று இட்லி.

டாக்டருக்காக என் வேலையைப் பற்றி நாலு வரி. கிராமத்துப் பால் சேகரிப்பு மையங்களில் பெரிய எவர்சில்வர் தொட்டி இருக்கும். ஊரார் கறந்து கொண்டுவரும் பாலை அதில் ஊற்றி நாலு டிகிரிக்குக் கீழே குளிர வைப்பார்கள். தொட்டியின் ஓரத்தில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். வெப்பத்தை அளந்து, திரையில் காட்டி, கம்ப்ரஸரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அந்தப் பெட்டிதான். பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதன் அடிமட்டத்தில் எல்லாவற்றையும் மேய்க்கும் கெர்னல் என்ற நிரல். வெப்பம் அளக்கும் சென்சாருக்கும் கெர்னலுக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது நான். என் மாமியார் இதை எங்கோ கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்குப் பால் வண்டியில் வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

சர்வீஸ் பார்க்கும் சாமுவேல் தங்கை கல்யாணத்துக்குப் போயிருப்பதால் அவன் போனை என் போனுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். காலையில் ஒரே ஒரு அழைப்பு. ஏதோ ஒரு சென்டர்ப் பெண்மணி. திரையில் நம்பர் அசையவே இல்லை, தொட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார். நம்பர் எவ்வளவு என்று கேட்டேன். 3.8 என்றார். அருமையான நம்பர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். கம்ப்ரஸரைக் கையால் போடட்டுமா என்று கேட்டார். நம்பர் நன்றாக இருக்கும்போது கையால் போட்டால் கம்ப்ரஸர் கெட்டுவிடும், வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். ஒரு நிமிஷத்தில் முடிந்தது. சாமுவேலாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பான்.

ஜூன் 5, வியாழன். பிரஷர்: 120/80

மெஷின் E என்று காட்டியது. பட்டை சரியாகக் கட்டவில்லை என்று அர்த்தமாம். மறுபடி கட்ட நேரமில்லை. நேற்று இருந்ததுதானே இன்றும் இருக்கப்போகிறது. ரவா உப்புமா, அதுவே தண்டனை.

ஜூன் 6, வெள்ளி. பிரஷர்: 120/80

காங்கேயம் பக்கம் வேலங்காட்டுவலசு மையத்தில் புதன்கிழமை ஆயிரத்து நானூறு லிட்டர் பால் திரிந்துவிட்டதாம். ஒரு ஊரே கறந்த பால். எங்கள் எம்.டி. மணிவாசகம் பதறிப்போய் வந்து, நம் பெட்டிதானா பார் என்றார். அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை 3.8 டிகிரி. கம்ப்ரஸர் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியமும் இல்லை, பால் சில்லென்று இருந்திருக்கிறது. பெட்டி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொன்னேன். அப்படியானால் தொட்டியைக் கழுவாமல் பால் ஊற்றியிருப்பார்கள் என்றார். இருக்கும் என்றேன். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பதினெட்டாம் தேதி விசாரணை. எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

எம்.டி. மகிழ்ச்சியில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். இரண்டு சாப்பிட்டேன். ஒன்று என்று வைத்துக்கொள்ளவும்.

ஜூன் 9, திங்கள். பிரஷர்: 120/80

அந்த அம்மாவின் பெயர் மயிலாத்தாள். அரைமணிக்கு ஒருதரம் திரையைப் பார்த்துத் தன் கையால் நோட்டில் எழுதி வைப்பாராம். யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தின் நகலை சங்கத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். காலை ஆறு முதல் பதினொன்று வரை, வரிசையாகப் பதினோரு தடவை 3.8.

எம்.டி. சிரித்தார். பார், அந்த அம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஹசீனா சிரிக்கவில்லை. எங்கள் அணியில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது அவள் வேலை. வயது இருபத்தேழு. வாயைத் திறந்தால் எனக்கு அன்று ஓவர்டைம். காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், கறந்த பால் முப்பத்தஞ்சு டிகிரி இருக்கும். ஆறரை மணிக்கு அதை ஊத்தறாங்க. நம்பர் ஏறணும்ல?" என்றாள்.

ஏறத்தான் வேண்டும். ஒரு புள்ளியாவது ஏற வேண்டும். நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 10, செவ்வாய். பிரஷர்: 120/80

டிரைவரைத் திறந்து படித்தேன். கெர்னலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை நலமாக முடிந்தால் பூஜ்யம் திருப்பித் தர வேண்டும். கோளாறு என்றால் கழித்தல் குறி போட்ட எண்ணைத் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் முட்டி போட வேண்டும். இங்கே பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ்.

எங்கள் டிரைவரில், சென்சார் பதில் சொல்லவில்லை என்றால் என்ன நடக்கிறது? பழைய நம்பரையே எடுத்துக் கொடுத்துவிட்டு, பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வயர் அறுந்தாலும் நலம். சென்சார் செத்தாலும் நலம். மேலே இருக்கும் நிரலும் சரி, நலம்தானே என்று கம்ப்ரஸரை நிறுத்தி வைக்கிறது.

இது ரெங்கராஜ் வேலை. எங்களிடம் இருந்துவிட்டு கனடா போனவன். எங்கள் அலுவலகத்தில் எந்தப் பிழை கிடைத்தாலும் ரெங்கராஜ் எழுதியது என்பேன். அவன் மறுத்துப் பேசும் தூரத்தில் இல்லை என்பது ஒரு வசதி. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹசீனா பக்கத்தில் நிற்க, உற்சாகமாக அதைத் தட்டினேன்.

ரெங்கராஜ் இல்லை.

ஜூன் 11, புதன். பிரஷர்: 120/80

சிவகுருநாதன். நான்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 5.40.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் ஈரோட்டில் கண்காட்சி. மேஜை மேல் வைத்த பெட்டியில் வயர் கொஞ்சம் ஆட்டம். ஆடும்போதெல்லாம் திரையில் சிவப்பாகப் 'பிழை' என்று வந்து போனது. நாளைக்கு அமைச்சர் வருகிறார், இந்த எழவு அவர் கண்ணில் படக்கூடாது என்றார் எம்.டி. வயரைப் பற்றவைக்க ஆள் இல்லை. நான் மூன்று வரி மாற்றினேன். சிவப்பு வரவே இல்லை. எல்லோரும் கை கொடுத்தார்கள். அந்த வரிகளுக்கு மேலே நானே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன்: 'தற்காலிகம். கண்காட்சி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.'

கண்காட்சி முடிந்தது. அறுபத்திரண்டு ஊர்களுக்குப் பெட்டி போயிருக்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாலு வருஷமாக என் கூடத்துக்குக் கனடா வரைக்கும் கோணல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தம் எழுதி ஹசீனாவுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு: 'சென்சார் டிரைவரில் சிறு மேம்பாடு.' சாப்பாடு ஞாபகம் இல்லை.

ஜூன் 12, வியாழன். பிரஷர்: 120/80

திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டு குறை.

ஒன்று, டிரைவர் கிளம்பும்போது மின்சாரம் எடுக்கிறது, இடம் பிடிக்கிறது, சென்சாரை எழுப்புகிறது. நடுவில் ஏதாவது சொதப்பினால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். சாக்ஸ் போட்டு ஷூ போட்டவன் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் சாக்ஸைக் கழற்ற முடியும். நான் சாக்ஸை முதலில் உருவியிருக்கிறேன். வெட்கக்கேடு. இருபது வருஷ அனுபவம்.

இரண்டாவது குறை தலைப்பு. 'சார், இது மேம்பாடு இல்லை, பிழைதிருத்தம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க' என்று எழுதியிருக்கிறாள். நான்கு பேர் பார்க்கும் இடத்தில்.

கோபம்: ஆம். ஐந்து நிமிஷம்.

ஜூன் 13, வெள்ளி. பிரஷர்: 120/80

சாக்ஸும் ஷூவும் சரி செய்து மறுபடி அனுப்பினேன். தலைப்பைப் 'பிழைதிருத்தம்' என்று மாற்றினேன். மறுபடி திருப்பிவிட்டாள். கடைசி வரி எங்கே என்கிறாள்.

கெர்னல்காரர்கள் மத்தியில் ஒரு பழக்கம் இருக்கிறது, எங்கள் கம்பெனியிலும் அதைக் கடைப்பிடிக்கிறோம். பிழையைத் திருத்துகிறவர், அது எந்த மாற்றத்தில், எந்த நாளில், யார் கையால் நுழைந்தது என்று கடைசியில் ஒரு வரி எழுதியாக வேண்டும். எழுதியவருக்கு ஒரு நகலும் போகும். இதை ஐந்து வருஷத்துக்கு முன் இங்கே கட்டாயம் ஆக்கியது நான்தான். ரெங்கராஜுக்கு மட்டும் பதினேழு நகல் போயிருக்கிறது.

எனக்கு நானே நகல் அனுப்புவதா என்று கேட்டேன். விதி சார் என்றாள்.

ஜூன் 16, திங்கள். பிரஷர்: 120/80

எம்.டி.யிடம் சொன்னேன். வயர் பற்றிச் சொன்னேன், மூன்று வரி பற்றிச் சொன்னேன். கதவைச் சாத்தினார். அவர் கெட்டவரில்லை. பயந்தவர். திருத்தத்தை அறுபத்திரண்டு பெட்டிக்கும் சத்தமில்லாமல் ஏற்றிவிடு, இனிமேல் நடக்காது, அது போதும் என்றார். விசாரணைக்கு அனுப்பும் அறிக்கையில் பதிவு 3.8 என்று இருக்கிறது என மட்டும் எழுதச் சொன்னார். அது பொய் இல்லையே என்றார். பதிவில் இருப்பது அதுதானே.

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் சாமுவேல் கல்யாணப் பலகாரத்தோடு வந்தான். விடுப்பில் இருந்தபோது வந்த அழைப்புகளின் பட்டியலை அவன் போனில் பார்த்துக்கொண்டே, வேலங்காட்டுவலசுக்கார அக்கா நாலாம் தேதி 7.50க்குக் கூப்பிட்டிருக்காங்களே, யார் சார் பேசினது என்றான்.

அதிரசம் ஒன்று சாப்பிட்டேன். இனிப்புதான். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய். பிரஷர்: 158/98

நோட்டு பூங்கொடி கையில் சிக்கிவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, வகுப்பில் பையனின் விடைத்தாளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, உயிரோட இருக்கிற மனுஷனுக்கு ரெண்டு வாரம் ஒரே நம்பர் வருமா?"

மெஷின் E காட்டியது, நேற்றைய அளவையே எழுதினேன் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. பழைய நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு, நலம் என்று சொல்லிவிட்டுப் போவது. அந்த டிரைவரை நான் எங்கிருந்தோ பார்த்து எழுதவில்லை.

அவளே பட்டையைக் கட்டி எடுத்தாள். மேலே இருப்பது அதுதான். நேற்று வரைக்கும் எழுதியதில் முதல் நாளைத் தவிர எதையும் நம்ப வேண்டாம் டாக்டர். நாலாம் தேதி 120/80 கூட மூன்றாவது தடவை வந்ததுதான். முதல் இரண்டும் 150க்கு மேல்.

எழுதுவதோடு எழுதுகிறேன். நாலாம் தேதி போனில் பேசியது நான். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. ஆறாம் தேதி செய்தி வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. 3.8 என்ற நம்பர் காதில் விழுந்ததும் வந்தது. எழுதாமல் விட்டேன். அந்த அம்மா பெட்டியைச் சந்தேகப்பட்டார், தொட்டியைத் தொட்டுப் பார்த்தார், போன் பண்ணிக் கேட்டார், சுவிட்சைப் போடட்டுமா என்றார். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார். வேண்டாம் என்று சொன்னவன் இங்கே உட்கார்ந்து போண்டா தின்றிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திருத்தத்தை மூன்றாவது முறையாக அனுப்பினேன். கடைசி வரியில் நாள், நேரம், என் பெயர். ஒரு நிமிஷத்தில் எனக்கே நகல் வந்தது. ஹசீனாவின் பதில் ஒரே சொல்: 'ஒப்புதல்.'

நாளைக்கு வேலங்காட்டுவலசு போகிறேன், பெட்டியோடு போகிறேன் என்று எம்.டி.க்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார்.

ஜூன் 18, புதன். பிரஷர்: 154/96

சங்கக் கட்டடத்தில் பத்து மணிக்கு விசாரணை. செயலாளர் சென்னியப்பன், இயக்குநர்கள் நாலு பேர், ஓரத்து பெஞ்சில் மயிலாத்தாள். ஐம்பது வயது இருக்கும். மடியில் அந்த நோட்டு. நானும் ஹசீனாவும் போனபோது டீ வந்துகொண்டிருந்தது, நல்லதாகப் போயிற்று.

பேசிப் புரிய வைக்க முடியாது என்று தெரியும். பெட்டியை மேஜையில் வைத்தேன். ஐஸ் தண்ணீர் டம்ளரில் சென்சாரைப் போட்டேன். திரையில் 4.1. பிறகு வயரை லேசாகத் தளர்த்திவிட்டு, சென்சாரை எடுத்துச் செயலாளரின் டீயில் முக்கினேன். 4.1. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சென்னியப்பன் நம்பாமல் டீக்குள் விரலை விட்டு, சுட்டு, உதறினார். திரையில் அப்போதும் 4.1.

"அன்னிக்குப் பெட்டி பொய் சொல்லுச்சுங்க. அதை அப்படிப் பொய் சொல்ல வெச்சது நான்," என்றேன்.

புது நிரலை ஏற்றி அதையே திரும்பச் செய்தேன். வயரைத் தளர்த்தியதும் சிவப்பாகப் 'பிழை' என்று வந்தது. நாலு வருஷத்துக்கு முன் எனக்குப் பிடிக்காமல் போன அதே சிவப்பு.

ஆளாளுக்குப் பேசினார்கள். பதினோரு தடவை 3.8 எழுதியிருப்பது மயிலாத்தாள் கவனமாக இருந்ததற்குத்தான் சாட்சி, பால் ஊற்றியும் ஏறாத நம்பர் அது என்று ஹசீனா எடுத்துச் சொன்னாள். அரை மணி நேரத்தில் நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சென்னியப்பன் புது டீ சொன்னார்.

வெளியே வந்தபோது மயிலாத்தாள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், நினைத்ததற்கு இப்போது கூசுகிறது.

"உங்க கொரலு கேட்ட கொரலாட்டம் இருக்குதுங்க. அன்னிக்குப் போன்ல பேசுனது நீங்கதானுங்களா?"

சாமுவேல் என்று சொல்லியிருக்கலாம். அவன் போன்தான்.

"நான்தானுங்க," என்றேன்.

அவர் நோட்டை இடுக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியலைங்க, வந்து பாக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நானே சுவிச்சப் போட்டிருப்பனுங்க. தெரிஞ்சவங்க வேண்டாங்கறாங்களேன்னு விட்டுட்டனுங்க."

அவ்வளவுதான். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். ஹசீனா காங்கேயம் வரைக்கும் என்னிடம் எதுவும் பேசவில்லை. அவளிடமிருந்து கிடைத்த பெரிய மரியாதை அது.

ஜூன் 19, வியாழன். பிரஷர்: 146/92

எம்.டி. கூப்பிட்டார். டீயில் முக்கினாயாமே என்றார். ஆமாம் என்றேன். அறுபத்திரண்டு சங்கத்துக்கும் என்ன நடந்தது என்று விவரமாகக் கடிதம் போகட்டும், கீழே அவரும் கையெழுத்துப் போடுகிறார் என்றார். போகும்போது, இனிமேல் உன்னைக் கண்காட்சிக்கு மட்டும் கூட்டிப்போக மாட்டேன் என்றார்.

ஜூன் 24, செவ்வாய். பிரஷர்: 150/94 (டாக்டர் எடுத்தது)

டாக்டர் முதல் இரண்டு வாரத்தைப் பார்த்துவிட்டு அருமை என்றார். பதினேழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். படித்து முடித்து வாய்விட்டுச் சிரித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலையில் ஒன்று. போண்டாவைப் பற்றித் தனியாகப் பேசினார்.

ஜூன் 27, வெள்ளி. பிரஷர்: —

காலை ஏழு மணிக்குப் போன். இந்த முறை சாமுவேலின் போன் இல்லை, என் எண்ணுக்கே. மயிலாத்தாள்.

"பிழைன்னு வந்துருக்குதுங்க. நான் சுவிச்சப் போட்டுட்டனுங்க. உங்களக் கேக்கல."

கேட்க வேண்டியதில்லைங்க, எனக்கு என்னவென்று தெரியவில்லை, இதோ கிளம்பி வருகிறேன் என்றேன். அங்கே போய்ச் சேரும்போது ஒன்பதரை. அணில் வயரைக் கடித்திருந்தது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் தொட்டிக்குள் கைத் தெர்மாமீட்டரை விட்டுக் காட்டினார், 3.6. எனக்கு அங்கேயே ஒரு துள்ளல் போட வேண்டும் போல இருந்தது, ஊரார் கேனோடு நின்றதால் போடவில்லை.

வயரை மாற்றி முடித்ததும் அவர் நோட்டைக் காட்டினார். 6.00, 3.7. 6.30, 5.2. அடுத்த வரியில் நம்பர் இல்லை. 'பிழை. கையால் போட்டேன். பால் நல்லா இருக்கு' என்று எழுதியிருந்தார். ஒரு தம்ளர் மோர் கொடுத்தார், உப்புப் போடாமல் கேட்டு வாங்கிக் குடித்தேன். மாத்திரை போட்டாச்சுங்களா என்றார். என் எண்ணைக் கொடுத்தபோது ஹசீனா இதையும் சொல்லியிருக்கிறாள்.

போட்டேன். கிளம்பிய அவசரத்தில் பிரஷர் பார்க்கவில்லை. அதனால் மேலே கோடு போட்டிருக்கிறேன்.